முட்டையிடுவதை நிறுத்திய வீட்டுக்கோழி: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டு முடிவெடுக்கும் வழிமுறை

முட்டையை நிறுத்திவிட்டது என்று சொல்லி அறுத்த கோழியின் வயிற்றுக்குள் சிறிதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் சரமாகக் கிடப்பதைப் பார்த்து வருந்திய வீடுகள் நம் ஊர்களில் பல உண்டு. அந்தக் கோழி எங்கோ ஒளித்து இட்டுக்கொண்டிருந்திருக்கும். அல்லது அறுத்தவர் கோழி மாற்றி அறுத்திருப்பார். கொல்லையில் ஐந்து முதல் இருபது கோழிகள் வரை வளர்ப்பவர்கள், நிறுத்திய கோழியை என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்பாக, நிறுத்தியது எந்தக் கோழி, எதனால் நிறுத்தியது, மீண்டும் இடுமா என்பவற்றுக்கு விடை காண இவ்வழிமுறை உதவும்.

ஒரு முட்டை உருவாக எவ்வளவு காலம் ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கோழிக்கு இடப்புறச் சினைப்பை ஒன்றுதான் இயங்குகிறது. அதில் ஒரு மஞ்சள் கரு முழு அளவுக்கு வளர ஏறக்குறைய 10 நாள்கள் ஆகின்றன. கரு பிரிந்து கருக்குழாயில் இறங்கிய பிறகு வெள்ளைக்கரு சேர்ந்து, ஓடு படிந்து, முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. அதில் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செலவாகிறது. ஆகவே இன்று முட்டை வராததற்கு, கோழி கடந்த வாரமோ அதற்கு முந்தைய வாரமோ பட்ட சிரமம் காரணமாக இருக்கலாம். இன்று செய்யும் திருத்தத்தின் பலனும் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னரே தெரியும். ஒரே நாளில் தீவனத்தை மாற்றி, மருந்து கொடுத்து, கூட்டையும் இடம் மாற்றிவிட்டு, நான்காம் நாள் பலனில்லை என்று கைவிடுபவர்கள் எது பலித்தது என்பதை ஒருபோதும் அறிய மாட்டார்கள்.

எதிர்பார்ப்பையும் இனத்துக்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டைகள் இட்டு, அடையில் அமர்ந்து, குஞ்சு வளர்த்து, மீண்டும் இடத் தொடங்கும் பறவை. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் கிடைத்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்ரியா நல்ல பராமரிப்பில் 200 முட்டைகளை ஒட்டி இடும். வனராஜா அதைவிடக் குறைவாக இட்டு உடல் எடை கூடுதலாகப் போடும். பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் வகைக் கோழியோ ஆண்டுக்கு 300 முட்டைகளைத் தாண்டும். பண்ணைக்கோழியின் கணக்கை நாட்டுக்கோழியின் தலையில் சுமத்தினால் எல்லா நாட்டுக்கோழியும் பாதி ஆண்டு நிறுத்திய கோழியாகவே தெரியும்.

முதல் வேலை: கையில் பிடித்துப் பார்ப்பது

இரவில் கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். இட்டுக்கொண்டிருக்கும் கோழியின் கொண்டையும் தாடையும் சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். நிறுத்திய கோழியின் கொண்டை சுருங்கி, வெளிறி, மேற்புறம் சொரசொரப்பாகக் காணப்படும். எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் இடுகிறது. சிறுத்து, வறண்டு, சுருக்கம் விழுந்திருந்தால் இடவில்லை. துவாரத்தின் இருபுறமும் தட்டுப்படும் கூர்மையான இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல்களாவது நுழைய வேண்டும். ஒரு விரல்கூடத் தாராளமாக நுழையவில்லை என்றால் முட்டை நின்று நாளாகிவிட்டது, அல்லது அது இன்னும் இடத் தொடங்காத இளங்கோழி, அதாவது வெடை. நாட்டுக்கோழிகள் ஆறு முதல் எட்டு மாத வயதில்தான் இடத் தொடங்குகின்றன என்பதால், ஐந்து மாத வெடையின் மீது குற்றம் காண்பது முறையாகாது.

அப்படியே நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். அது கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தால் கோழி இளைத்திருக்கிறது. எலும்பே தட்டுப்படாமல் அடிவயிறு கொழுத்துத் தொங்கினால் தீனி மிகுதி. நிறுத்தியதாக உறுதிப்பட்ட கோழியின் காலில் வண்ண வளையமோ நூலோ கட்டிவிடுங்கள். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

கொண்டை சிவந்திருக்கிறது, கொக்கரிக்கிறது. ஆனால் கூட்டில் முட்டை இல்லை

இந்தக் கோழி முட்டை இடுகிறது. முட்டைதான் உங்கள் கைக்கு வரவில்லை. வைக்கோல் போரின் மறுபுறம், வாழைக்கட்டையின் அடி, விறகு அடுக்கின் இடுக்கு, பக்கத்து வீட்டுப் பரண் ஆகியவை வழக்கமான ஒளிவிடங்கள். பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே இடப்படுவதால், மூன்று நான்கு நாள்களுக்குக் கோழிகளைக் காலை 11 மணி வரை கூட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் உண்மை தெரிந்துவிடும். கிராமத்துப் பெண்கள் காலையில் கூட்டைத் திறக்கும்போதே விரலால் துவாரத்தைத் தொட்டு, முட்டை தட்டுப்படும் கோழியை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மற்றவற்றை மேய விடுவது இதே நோக்கத்தில்தான். நகத்தை வெட்டிய சுத்தமான விரலில் சிறிது எண்ணெய் தடவி, அழுத்தாமல் செய்தால் கோழிக்குத் தீங்கில்லை. பழக்கமில்லாதவர்கள் அடைத்து வைக்கும் முறையோடு நின்றுகொள்வது நல்லது.

ஒளித்த இடம் கிடைத்தால் எல்லா முட்டைகளையும் ஒரேயடியாக எடுக்காமல் ஒன்றை விட்டு வையுங்கள். வெறுமையான இடத்தைக் கண்ட கோழி புதிய ஒளிவிடம் தேடிப் போய்விடும். எடுத்தவற்றைத் தண்ணீரில் இட்டுப் பார்த்து, மிதப்பவற்றை எறிந்துவிடலாம்.

கூட்டிலேயே இட்டும் முட்டை காணாமல் போகிறது என்றால், தடயத்தைப் பார்க்க வேண்டும். ஓடு, ஈரம் எதுவும் இல்லாமல் முட்டை முழுதாக மறைந்தால் பாம்பையும் உடும்பையும் நினையுங்கள். ஓட்டில் ஒரு துளையும் சிதறிய கருவும் கிடந்தால் காகமோ கீரியோ வந்திருக்கும். வைக்கோல் பிசுபிசுத்து, ஒரு கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்திருந்தால், திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். முட்டை தின்னப் பழகிய கோழியைத் திருத்துவது கடினம் என்றாலும், முட்டைகளை அடிக்கடி எடுப்பது, முட்டையிடும் இடத்தை இருட்டாக்குவது, கிளிஞ்சல் தூளைத் தனிப் பாத்திரத்தில் வைப்பது ஆகியவற்றால் பழக்கம் மற்ற கோழிகளுக்குப் பரவாமல் தடுக்கலாம். பாம்பு, உடும்பு, கீரி ஆகியவற்றைக் கொல்வது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கூட்டின் அடியில் உள்ள பொந்துகளை அடைத்து, நெருக்கமான கம்பிவலை கட்டுவதே போதிய காவல்.

கூட்டைவிட்டு எழ மறுக்கிறது, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறது

இது அடைக்கோழி. வீட்டுக்கோழி முட்டையை நிறுத்துவதற்கு நம் ஊரில் முதன்மையான காரணம் இதுவே. இது நோயுமல்ல, குறையுமல்ல. நாளுக்கு ஒருமுறை அவசரமாக இறங்கி, தின்று, குடித்து, பெரிதாகவும் நாற்றத்தோடும் எச்சமிட்டுவிட்டு மீண்டும் போய் அமர்ந்துகொள்ளும். நெஞ்சடியில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். இந்நிலையில் சினைப்பை சுருங்கிவிடுவதால், தீவனத்தைக் கூட்டினாலும் மருந்து கொடுத்தாலும் முட்டை வராது.

இங்கே உங்கள் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. குஞ்சு வேண்டுமென்றால், சேவலோடு சேர்ந்த கோழிகளின் முட்டைகளில் பத்து நாள்களுக்கு உட்பட்ட, மிகப் பெரிதும் மிகச் சிறிதும் அல்லாத 12 முதல் 15 முட்டைகளைத் தேர்ந்து, மாலையில் அடை வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத வெறும் முட்டைகளை அகற்றிவிடலாம்; 21 ஆம் நாளில் குஞ்சு பொரியும். அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. இடி இடித்தாலும் முட்டை கெடாது என்ற நம்பிக்கையில் செய்யப்படும் அதனால் பாதகம் எதுவும் இல்லை. தாய் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதங்கள் திரிந்த பிறகே மறுபடி இடத் தொடங்கும். மூன்று நான்கு வார வயதிலேயே குஞ்சுகளைப் பிரித்து, பல்பு வெப்பத்தில் தனியே வளர்த்தால் அந்தக் காத்திருப்புப் பெருமளவு குறையும்.

குஞ்சு வேண்டாமென்றால் அடையைத் தெளிய வைக்க வேண்டும். தண்ணீரில் முக்குவது, இறகை மூக்குத் துளையில் செருகிவிடுவது, காலைக் கட்டிப் பட்டினி போடுவது ஆகிய பழைய முறைகளுக்கு இப்போது அவசியமில்லை. மூக்கில் இறகு செருகுவது வதை மட்டுமல்ல, புண்ணாகிச் சீழும் பிடிக்கும். அடிப்பக்கமும் கம்பிவலையாக உள்ள ஒரு கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் வைத்து, வைக்கோல் எதுவும் இடாமல், தீனியும் தண்ணீரும் குறைவின்றிக் கொடுத்து மூன்று முதல் ஐந்து நாள்கள் விட்டுவைத்தால், அடிவயிறு குளிர்ந்து பெரும்பாலான கோழிகளுக்கு அடை தெளியும். வெளியே விட்டதும் மறுபடி அதே மூலைக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் சேர்த்து வையுங்கள். அடை உட்கார்ந்த முதல் இரண்டு நாள்களுக்குள் தொடங்கினால் விரைவில் முடியும். இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினால் இழுக்கும். தெளிந்த பிறகு முட்டை வர ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். அடையில் உள்ள கோழியை நிறுத்திய கோழி என்று எண்ணி விற்பது, அந்த வீட்டின் அடுத்த தலைமுறைக் கோழிகளை விற்பதற்கு ஒப்பாகும்.

கொல்லை முழுவதும் இறகு, கழுத்திலும் வாலிலும் புதுக்குருத்து

ஒன்றரை வயதை ஒட்டி, பெரும்பாலும் மழைக்காலத்தில், கோழி பழைய இறகை உதிர்த்துப் புதியதைப் போட்டுக்கொள்ளும். இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், முட்டைக்குப் போக வேண்டிய சத்து இறகுக்குப் போகிறது. இரண்டு முதல் மூன்று மாதங்களுக்கு முட்டை நிற்கும். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான், நீரில் மிதந்து வளரும் அசோலா ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்துக் கொடுத்துப் பொறுத்திருப்பதே வைத்தியம். புதுக்குருத்து வலிக்கும் என்பதால் அந்த நாள்களில் அடிக்கடி கையில் பிடிக்காதீர்கள். புதிய இறகு முளைக்காமல் தோல் மட்டும் தெரிந்தால் அது உதிர்ச்சி அல்ல. பேனையோ மற்ற கோழிகள் கொத்துவதையோ சந்தேகிக்க வேண்டும்.

நோயில்லை, அடையில்லை, இறகும் உதிரவில்லை, ஆனாலும் இடவில்லை

தீனியையும் வெயிலையும் பார்க்க வேண்டிய இடம் இது. அரிசியும் பழைய சோறும் மட்டுமே தின்னும் கோழிக்கு வயிறு நிறையும், முட்டைக்கான புரதம் நிறையாது. இடும் கோழியின் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 விழுக்காடும், சுண்ணாம்புச் சத்து 3.5 விழுக்காட்டை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. மேயும் நாட்டுக்கோழிக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை என்றாலும், கம்பு, சோளக் குருணையோடு புண்ணாக்கும் கீரையும் பூச்சியும் கிடைக்க வேண்டும். மேய்ச்சல் இல்லாமல் மதில்களுக்குள் அடைபட்ட நகரத்துக் கோழிக்குக் கடையில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வனராஜா போன்ற கனத்த இனங்களில் சிக்கல் நேர்மாறானது. அளவின்றித் தின்று கொழுத்த கோழி முட்டையைக் குறைத்துவிடும் என்பதால், அதற்குத் தீனியை அளந்து போட்டு நடக்க விட வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கோழி தின்பதைக் குறைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். முட்டை சிறுத்து, ஓடு மெலிந்து, பிறகு நின்றும் போகும். ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டரை ஒட்டித் தண்ணீர் குடிக்கிறது. கத்திரி வெயிலில் அது இரு மடங்காகும். ஒரு பிற்பகல் முழுவதும் தண்ணீர் காலியாக இருந்தாலே சில நாள் முட்டை தவறும். தீனியை அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் போட்டு, மண்பாத்திரத்தில் தண்ணீரை நிழலில் வைத்து, கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினால் பெருமளவு சரியாகும்.

பகல் குறைவதால் முட்டை நிற்கிறது, விளக்கு போடுங்கள் என்ற அறிவுரை குளிர்நாடுகளிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆனியில் அது 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. இந்தச் சிறிய வேறுபாடு நாட்டுக்கோழியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கிராமப்ரியா, லெகார்ன் வளர்ப்பவர்கள் மட்டும் விடியலுக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு சிறு பல்பை எரியவிட்டுப் பார்க்கலாம்.

ஓடில்லாத தோல்முட்டை, மெல்லிய ஓடு, பிறகு நிறுத்தம்

ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைப்படுகிறது. கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக்கிண்ணத்தில் வைத்தால், இடும் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சல் வைத்தும் பல கோழிகள் ஒரே நேரத்தில் தோல்முட்டையோ கோணல் ஓட்டு முட்டையோ இட்டால், அது தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கொண்டை வெளிறி இளைக்கிறது, ஓயாமல் சொறிகிறது

வெளிப்புற ஒட்டுண்ணியையோ குடற்புழுவையோ நினைக்க வேண்டும். பேன் பகலிலும் உடலில் இருக்கும்; துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினால் ஓடுவது தெரியும். செள்ளும் உண்ணியும் பகலில் கூட்டின் பலகை இடுக்குகளில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்க வரும். ஆகவே கோழிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுக் கூட்டை விட்டுவிடுவது வீண்வேலை. கூட்டைக் காலி செய்து, பழைய வைக்கோலை எரித்து, இடுக்குகளில் சுண்ணாம்பு பூசி, வெயிலில் காயவிடுங்கள். சாம்பலும் மணலும் கலந்த புழுதிக்குழி ஒன்று கொல்லையில் எப்போதும் இருக்க வேண்டும். குடற்புழு மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மருந்துக்குப் பின் எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்குகிறது

முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். இது ஒரு நாளுக்கு மேல் தாங்காத அவசர நிலை. வெதுவெதுப்பான நீரில் கோழியின் பின்பாகம் நனையும்படி 15, 20 நிமிடம் வைத்து, துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். முட்டையை உள்ளேயே உடைக்கவோ வயிற்றை அழுத்தித் தள்ளவோ கூடாது. சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அடிவயிறு நீர் கட்டியதுபோல் வீங்கி, கோழி வாத்துபோல் நடந்தால், முட்டைக்கரு வயிற்றறைக்குள் விழுந்து அழுகியிருக்கக்கூடும். அத்தகைய கோழி தேறுவது அரிது. அதை நீண்ட நாள் வதைபட விடாமல் முடித்துவிடுவதே இரக்கம். அதன் இறைச்சியைச் சமைக்கக்கூடாது.

எல்லாக் கோழிகளும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டன

தனிக்கோழியின் சிக்கலுக்கும் கூட்டத்தின் சிக்கலுக்கும் காரணங்கள் வேறு. நாய் துரத்தியது, தீபாவளி வெடி, கூடு இடம் மாறியது, தீவனம் திடீரென மாறியது ஆகியவற்றில் ஏதேனும் அண்மையில் நடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அவ்வாறாயின் இரண்டு மூன்று வாரங்களில் தானே சரியாகும். வெள்ளையும் பச்சையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை தெரிந்தால் அது இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை கிடையாது. தடுப்பூசி மட்டுமே உண்டு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வார வயதில் ஊசியும் போடப்படுகின்றன. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தை ஒட்டி ஊர்தோறும் முகாம்களும் நடத்துகிறது. கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினால், எதையும் விற்காமல், அறுக்காமல், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால்: வைத்திருப்பதா, விலக்குவதா

காரணம் தெரிந்து, திருத்தமும் செய்து, இரண்டு மாதம் காத்திருந்தும் இடுப்பெலும்பு விரியாத கோழியைப் பற்றி மட்டுமே இப்போது முடிவெடுக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் முட்டை குறைந்துகொண்டே போவது இயல்பு. ஆனால் வயதை மட்டும் வைத்து நாட்டுக்கோழியைக் கழிப்பது எனக்கு உடன்பாடானதல்ல. ஆண்டுக்கு முப்பது முட்டை இட்டு, இரண்டு முறை ஒழுங்காக அடையிருந்து, பருந்து வட்டமிடும்போது குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும் நான்கு வயதுத் தாய்க்கோழி, முட்டை மிகுதியாக இட்டும் அடையே உட்காராத கோழியைவிட அந்த வீட்டுக்கு மதிப்பு மிக்கது. கிராமப்ரியா வளர்ப்பவர்கள்கூட முட்டைகளை அடை வைக்க இப்படி ஒரு கிழக்கோழியை வைத்துக்கொள்கிறார்கள்.

தீனிச் செலவையும் நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். அடைத்து வளர்க்கும் கோழி நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் வீதம் மாதம் 3 கிலோ தீவனம் தின்னும். இடாத கோழிக்கு அது முழுச் செலவு. பகல் முழுவதும் மேய்ந்து, மாலையில் ஒரு கைப்பிடி கம்பு மட்டும் வாங்கும் கோழிக்கு அந்தக் கணக்கில் பாதிகூட வராது. அதை வைத்திருப்பதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகள் கழித்த முட்டைக்கோழியை மலிவாக வாங்கி வந்தவர்களின் நிலை வேறு. அலகு வெட்டப்பட்டு, கூண்டிலேயே வளர்ந்த அப்பறவைக்கு மேயவும் தெரியாது, அடையிருக்கவும் தெரியாது. இடமாற்றத்தில் நின்றுபோன முட்டை சில வாரங்களில் திரும்பி வந்தால் ஓராண்டு பயன்படும். இரண்டு மாதத்திலும் வராவிட்டால் அதை இறைச்சியாக்குவதே முறை.

விலக்குவதென்று முடிவானால், நலமாக உள்ள கோழியை மட்டுமே விற்கவோ சமைக்கவோ வேண்டும். மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொன்ன இடைவெளி முடிய வேண்டும். சந்தையில் விற்கும்போது முட்டை இடாதது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கறிக்கு வாங்குபவருக்கு அது ஒரு குறையே அல்ல. முதிர்ந்த கோழியின் கறி இறுகியிருக்கும் என்பதால் வறுவலுக்கு ஆகாது. குக்கரிலோ சிறுதீயிலோ நெடுநேரம் வேகவைத்த குழம்புக்கும் மிளகு ரசத்துக்கும் இளங்கோழியைவிட அதுவே சாறு மிகுந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கோழியாயின் இந்தக் கணக்கு எதுவும் அதற்குச் செல்லாது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டியதுதான்.

விலக்கிய கோழிக்கு ஈடாக வெடைகளை வாங்கினால் அவற்றை மூன்று வாரம் தனிக்கூட்டில் வைத்துப் பார்த்த பிறகே பழைய கூட்டத்தோடு சேருங்கள். அனைத்தையும் ஒரே ஆண்டில் மாற்றாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்றாக மாற்றிவந்தால், எல்லாக் கோழிகளும் ஒரே பருவத்தில் இறகு உதிர்த்து, ஒரே பருவத்தில் முதிர்ந்து, முட்டைக்கூடை முழுவதும் காலியாகும் நிலை ஏற்படாது.